சமையலுக்கேற்ற உருளைக்கிழங்கு: அளத்தலும் தேர்தலும்

ஒரு கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு ஒரு வாரம் குருமாவில் துண்டு துண்டாகக் குலையாமல் நிற்கிறது. மறு வாரம் அதே கடையில் அதே விலைக்கு வாங்கிய கிழங்கு, அதே பாத்திரத்தில் அதே நேரம் வெந்து, கூழாகக் கரைந்துவிடுகிறது. மசித்து போண்டாவுக்கு உருட்ட வேண்டிய கிழங்கோ பிசுபிசுத்துக் கையோடு ஒட்டுகிறது. வறுவலுக்குச் சீவியது பொன்னிறம் வருமுன்னரே கறுத்துக் கசக்கிறது. இவை யாவும் சமைப்பவரின் கைப்பிழை என்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. அடுப்பையும் கையையும் குறை கூறுவதற்கு முன் கிழங்கின் உள்ளமைப்பைச் சிறிது ஆராய்ந்தால், இக்குறைகளிற் பல கடையிலேயே தொடங்கிவிட்டவை என்பது புலனாகும்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட இக்கிழங்கு பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மராத்தியிலும் குஜராத்தியிலும் இன்றும் வழங்கும் 'பட்டாட்டா' என்னும் சொல் அவ்வரவின் சுவடேயாகும். இன்று உருளைக்கிழங்கு விளைவிப்பதில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவினுடையது. ஆண்டொன்றுக்கு ஐந்து கோடி டன்னுக்கு மேல் விளைகிறது. உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார், குஜராத் ஆகிய மாநிலங்களே இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. இவ்வளவு பெருக உண்ணப்படும் பொருளை அரிசியைப் போலவோ பருப்பைப் போலவோ வகை கேட்டு வாங்கும் வழக்கம் பெரும்பாலான ஊர்களில் ஏற்படவில்லை. பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் வேறுபாடு அறியாத இல்லம் இராது. உருளைக்கிழங்கு மட்டும் 'பெரியது, சிறியது' என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகிறது.

உலர்பொருளே அடிப்படை

கிழங்கின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர்தான். நீரை முற்றிலும் நீக்கிய பின் எஞ்சுவதை உலர்பொருள் என்பர். கிழங்குக்குக் கிழங்கு இது நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை வேறுபடுகிறது. உலர்பொருளில் மிகப் பெரும் பகுதி மாச்சத்தாகும். கிழங்கின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் மாச்சத்து மிக நுண்ணிய மணிகளாக அடைபட்டிருக்கிறது. நீரில் வேகும்போது, உஷ்ணநிலை ஏறத்தாழ 60 முதல் 70 பாகை சென்டிகிரேட் வரை எட்டியதும், இம்மணிகள் தம்மைச் சூழ்ந்த நீரை உறிஞ்சிப் பருத்துக் களியாகின்றன. அதன்மேல் உஷ்ணம் ஏற ஏற, அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் இளகத் தொடங்குகிறது.

மாச்சத்து மிகுந்த கிழங்கில் அணுக்கள் உள்ளிருந்து பருத்து, ஒட்டும் தளர்ந்து, தனித்தனியே பிரிகின்றன. வெந்த கிழங்கு உலர்ந்து பூவாக மலர்ந்து மாவாக உதிர்கிறது. இதனை மாவுக்கிழங்கு எனலாம். மாச்சத்துக் குறைந்து நீர் மிகுந்த கிழங்கில் அணுக்கள் பிரியாமல் இணைந்தே நிற்கின்றன. வெட்டிய துண்டு மழுமழுப்பாக, மெழுகு போன்ற பளபளப்போடு வடிவம் கெடாதிருக்கும். இதனைக் கட்டுக்கிழங்கு எனலாம். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதற்கில்லை. பொடிமாஸ், போண்டா, மசால் தோசையின் உள்ளீடு, வடநாட்டு ஆலு பராட்டா, பம்பாய் வடா-பாவ் ஆகியவற்றுக்கு மாவுக்கிழங்கு வேண்டும். குருமா, காஷ்மீரத்து தம் ஆலு, வங்காளத்து ஆலூர் தம், கல்கத்தா பிரியாணியில் முழுசாக இடப்படும் கிழங்கு ஆகியவற்றுக்குக் கட்டுக்கிழங்கே தகும். எண்ணெயில் பொரிப்பதற்கு மாவுக்கிழங்கைக் கொள்வதே சிக்கனம். ஏனெனில் பொரிக்கும்போது கிழங்கிலிருந்து வெளியேறும் நீரின் இடத்தைத்தான் எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. நீர் மிகுந்த கிழங்கு எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். வறுவலும் விரைவில் துவண்டுபோகும்.

உப்புநீரில் ஒரு சோதனை

உலர்பொருள் எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டு சொல்ல இயலாது. ஆயினும் மாச்சத்து நீரைவிடக் கனமானது. ஆகவே மாச்சத்து மிகுந்த கிழங்கு, அதே பருமனுள்ள மாச்சத்துக் குறைந்த கிழங்கைவிடச் சற்றே கனத்திருக்கும். ஒரு பொருளின் எடை, அதே பருமனுள்ள நீரின் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பதே அதன் ஒப்படர்த்தி. உருளைக்கிழங்கின் ஒப்படர்த்தி பெரும்பாலும் 1.05க்கும் 1.10க்கும் இடைப்பட்டது. வேறுபாடு மிகச் சிறியதாகத் தோன்றினும் சமையலில் அதன் விளைவு பெரிது.

இதனைச் சோதிக்க ஓர் ஆழமான பாத்திரமும் சமையல் உப்பும் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 125 கிராம் உப்பு என்னும் கணக்கில் முற்றும் கரைத்தால், கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.08 ஆகும். கழுவித் துடைத்த கிழங்குகளை ஒவ்வொன்றாக இதில் இட்டுப் பார்க்கலாம். மூழ்குபவை மாவுக்கிழங்குகள்; அவற்றின் உலர்பொருள் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டது. மிதப்பவற்றை எடுத்து, லிட்டருக்கு 100 கிராம் உப்பிட்ட மற்றொரு கரைசலில் இட வேண்டும். அதிலும் மிதப்பவை நன்கு கட்டான கிழங்குகள். அவற்றின் உலர்பொருள் நூற்றுக்குப் பதினேழுக்குக் குறைவு. முதற் கரைசலில் மிதந்து இரண்டாவதில் மூழ்குபவை இடைப்பட்டவை. சாம்பாருக்கும் பொரியலுக்கும் அவை நன்கு உதவும். கிழங்கைக் கரைசலில் இட்டவுடன் அதன்மேல் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தடவி நீக்குதல் அவசியம்; சிறு குமிழி கூட மூழ்க வேண்டிய கிழங்கை மிதக்கச் செய்துவிடும். சோதித்த கிழங்குகளை நல்ல நீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். கரைசலைக் கொட்டாமல் வைத்து மறுமுறையும் பயன்படுத்தலாம்.

ஒரு பையில் வாங்கிய கிழங்குகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை என்று கருதிவிடலாகாது. ஒரே செடியில் விளைந்த கிழங்குகளே தம்முள் வேறுபடும். இரண்டு கிலோ கிழங்கை இவ்வாறு பிரித்தால் ஒரு பங்கு மூழ்குவதும் ஒரு பங்கு மிதப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியதே. அப்போது மூழ்கியவற்றை மசிப்பதற்கும் மிதந்தவற்றைக் குழம்புக்கும் ஒதுக்கிக் கொண்டால், வாங்கிய கிழங்கில் எதுவும் பொருந்தாததாகப் போவதில்லை.

தராசினால் அளத்தல்

எண்ணளவாகவே அறிய விரும்புவோர் தராசைக் கொண்டும் அளக்கலாம். விடுதிகளுக்கும் சிற்றுண்டிச் சாலைகளுக்கும் மூட்டையாக வாங்குவோர்க்கு இம்முறை ஏற்றது. அடுக்களையில் பயன்படும் மின்னணுத் தராசின்மேல் பாதி நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்து அளவைச் சுழியாக்கிக் கொள்ள வேண்டும். முன்னரே எடை பார்த்த கிழங்குகளை வலைப்பையிலிட்டு நூலாற் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கங்களையோ தொடாமல் நீரில் முழுதும் அமிழும்படி கையால் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் அளவு, கிழங்குகள் விலக்கிய நீரின் எடைக்குச் சமமாகும். கிழங்கின் எடையை இதனால் வகுத்தால் வருவதே ஒப்படர்த்தி.

எடுத்துக்காட்டாக, 500 கிராம் கிழங்கு 463 கிராம் நீரை விலக்கினால் ஒப்படர்த்தி 1.080. விலக்கிய நீர் 470 கிராம் எனில் 1.064, 458 கிராம் எனில் 1.092. ஒப்படர்த்தி 1.080 உள்ள கிழங்கின் உலர்பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது என்று கொண்டு, ஒவ்வொரு 0.010 ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரண்டு கூட்டியும், இறக்கத்துக்கு இரண்டு குறைத்தும் கணக்கிடலாம். ஆகவே மேற்கூறிய மூன்றும் முறையே 20, 17, 22½ என்னும் அளவினவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 150 கிராமுள்ள ஒரே கிழங்கைக் கொண்டு இச்சோதனையைச் செய்தால், தராசில் ஒரு கிராம் பிழை நேர்ந்தாலும் ஒப்படர்த்தியில் 0.008 அளவுக்குப் பிழை புகுந்துவிடும்; கட்டுக்கும் மாவுக்கும் இடைப்பட்ட எல்லையே அதில் மறைந்துபோகக் கூடும். அரைக் கிலோவுக்குக் குறையாமல் எடுத்தால் அப்பிழை மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். ஒற்றைக் கிழங்கைச் சோதிப்பதற்கு எளிய உப்புநீரே தராசினும் நம்பத்தக்கது என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஒப்படர்த்தி ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. நெடுநாள் வெளியே கிடந்து நீர் வற்றிச் சுருங்கிய கிழங்கு கனமானதாகக் காட்டும். அது மாச்சத்தின் சிறப்பால் அன்று, நீர் இழந்ததனால். மிகப் பெரிய கிழங்குகளின் நடுவே சிலவேளை வெற்றிடம் ஏற்பட்டிருக்கும். வறட்சிக்குப் பின் திடீரென நீர் கிடைத்து வேகமாகப் பருத்த கிழங்கில் இக்குறை மிகுதி. அத்தகைய கிழங்கு, மாவுத்தன்மை உடையதாயினும் மிதக்கும். ஆதலால் தோல் இறுகி விறைப்பாக உள்ள கிழங்குகளையே சோதனைக்குக் கொள்ள வேண்டும்.

வகைகளும் விளையுமிடமும்

இந்திய உருளைக்கிழங்கு வகைகள் பலவற்றின் பெயரும் 'குப்ரி' என்று தொடங்கும். சிம்லாவுக்கு அண்மையிலுள்ள குப்ரி என்னும் மலையூரில் கலப்பினப் பணி நடைபெற்றதே இதற்குக் காரணம். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949ஆம் ஆண்டில் பாட்னாவில் தொடங்கப்பெற்று 1956இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து 1968இல் வெளிவந்த குப்ரி ஜோதி, குப்ரி சந்திரமுகி ஆகிய இரண்டும் இன்றும் சந்தையில் காணப்படுபவை. கல்கத்தாச் சந்தையில் சந்திரமுகி ஜோதியினும் கூடுதலான விலைக்குப் போகிறது. விரைவில் வெந்து மணமாக இருக்கும் என்பதே வாங்குவோர் கூறும் காரணம். செந்நிறத் தோலுடைய குப்ரி சிந்தூரி நெடுநாள் கெடாது இருப்பதற்குப் பெயர் பெற்றது. 1998இல் வெளியான குப்ரி புக்ராஜ் மஞ்சள் நிறச் சதையுடையது. குறுகிய காலத்தில் நிறைய விளைவதால் பெரிதும் பயிராகிறது. ஆயின் உலர்பொருள் குறைந்த வகை. குழம்புக்கு நன்று, வறுவலுக்கு ஆகாது. அதே ஆண்டில் வந்த குப்ரி சிப்சோனா வகைகளோ வறுவல் தொழிலுக்கென்றே உருவாக்கப்பட்டவை. உலர்பொருள் மிகுதியும் சர்க்கரை குறைவும் அவற்றின் இலக்கணம்.

வகைப்பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்ததாகாது. ஒரே ஜோதி, நீலகிரிச் செம்மண்ணில் விளைந்தால் ஒருவிதமாகவும், ஹூக்ளி ஆற்று வண்டலில் விளைந்தால் வேறுவிதமாகவும் வேகும். செடி பசுமையாக இருக்கும்போதே அவசரமாகத் தோண்டப்பட்ட கிழங்கில் மாச்சத்து முழுதும் சேர்ந்திராது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும்போது தோல் உரிந்து வருமாயின் அது முற்றாத புதுக்கிழங்கு. தோலோடு வதக்கி உண்ணச் சுவையானது, மசிப்பதற்கும் சேமித்து வைப்பதற்கும் ஏற்றதன்று. தென்னகத்தில் ஊட்டிக் கிழங்குக்கு மதிப்பு மிகுதி; மேட்டுப்பாளையம் மண்டிகளில் அதன் விலையும் சமவெளிக் கிழங்கைவிட உயர்ந்தே நிற்கும். ஆயின் தோலின்மேல் ஒட்டிய செம்மண்ணை மட்டும் சான்றாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது. மண் எந்தக் கிழங்கின்மேலும் ஒட்டக் கூடியதே. உப்புநீருக்கு மண்ணின் நிறம் தெரியாது.

பருமனும் வீண்போகும் பங்கும்

சமையற் குறிப்புகளில் 'நடுத்தரக் கிழங்கு நான்கு' என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. உருண்டையான கிழங்கின் குறுக்களவு 5 சென்டிமீட்டரானால் எடை ஏறத்தாழ 70 கிராம். 6 சென்டிமீட்டரானால் 120 கிராம். 7 ஆனால் 195 கிராம். குறுக்களவில் இரண்டு சென்டிமீட்டர் கூடுவதற்குள் எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. மூன்றையும் 'நடுத்தரம்' என்றே ஒருவர் கூறக் கூடும். நான்கு கிழங்கு என்பது 280 கிராமாகவும் இருக்கலாம், முக்காற் கிலோவுக்கு மேலும் இருக்கலாம். உப்பும் காரமும் எவருக்குச் சரியாக அமையும்?

தராசு இல்லாத இடத்தில் ஒரு நூலே உதவும். கிழங்கின் நடுவயிற்றைச் சுற்றி நூலை அளந்தால், 16 சென்டிமீட்டர் சுற்றளவு 5 சென்டிமீட்டர் குறுக்களவையும், 19 என்பது 6ஐயும், 22 என்பது 7ஐயும் காட்டும். நீண்ட கிழங்காயின் நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வருவதில் நூற்றுக்கு 56 பங்கு எடுத்தால் எடை கிராமில் கிடைக்கும். 8, 6, 5 சென்டிமீட்டர் அளவுள்ள கிழங்கு இவ்விதம் ஏறத்தாழ 135 கிராம் ஆகும். இரண்டு மூன்று முறை இவ்வாறு அளந்து பழகிய பின் கையில் எடுத்த அளவிலேயே எடையை ஒருவாறு ஊகிக்கும் திறன் வந்துவிடும்.

பருமன் முக்கியமாவது தோல் சீவும்போதுதான். கத்தியால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுவதாகக் கொள்க. 6 சென்டிமீட்டர்க் கிழங்கில் நூற்றுக்கு 14 பங்கு தோலோடு போகும். 4 சென்டிமீட்டரில் 21 பங்கு. 3 சென்டிமீட்டர்ச் சிறு கிழங்கிலோ 27 பங்கு, அதாவது கால் பங்குக்கும் மேல், குப்பைக்குப் போகிறது. பெரிய கிழங்கு கிலோ 30 ரூபாய்க்கும் சிறியது 26 ரூபாய்க்கும் விற்பதாகக் கொண்டால், சீவிய பின் கையில் எஞ்சும் கிலோவின் விலை பெரியதில் 35 ரூபாய். சிறியதில் 35 ரூபாய் 60 காசுக்கு மேல். மலிவென்று வாங்கியது உண்மையில் மலிவன்று. உழைப்பையும் மறக்கலாகாது: பெரியதில் கிலோவுக்கு எட்டுக் கிழங்கு சீவினால் போதும், சிறியதில் அறுபதுக்கு மேல் சீவ வேண்டும்.

இக்கணக்கு பச்சையாகச் சீவுவோர்க்கே பொருந்தும். தோலோடு வேகவைத்து உரித்தால் மெல்லிய தோல் மட்டுமே கழன்று வருமாதலால், சிறிய கிழங்கு வாங்குவது அப்போது இலாபகரமானதே. சிறு கிழங்கை முழுசாக வேகவைத்து உரித்து வறுக்கும் வழக்கம் பல வீடுகளில் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தோலோடு வேகும் கிழங்கில் உயிர்ச்சத்து 'சி' நீரிற் கரைந்து போவதும் குறைவு.

வேகும் நேரமும் பருமனைப் பொறுத்தது. ஆனால் நேர் விகிதத்தில் அன்று. உஷ்ணம் கிழங்கின் மேற்பரப்பிலிருந்து நடுவுக்கு மெல்ல ஊடுருவிச் செல்ல வேண்டியிருப்பதால், குறுக்களவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. பெரியதும் சிறியதும் கலந்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால், பெரியதன் நடு வேகுமுன் சிறியது வெடித்து நீரிற் கரையும். பலர் கிழங்கின் தரத்தைப் பழிக்கும் இடங்களில் உண்மைக் குறை இதுவேயாகும். வாங்கும்போதே ஒரே அளவாகப் பொறுக்கிக் கொள்ளுதல், இயலாவிடில் பெரியவற்றைப் பிளந்து சிறியவற்றின் கனத்துக்குக் கொண்டுவருதல், இவ்விரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். முழுக் கிழங்கைக் குளிர்ந்த நீரிலிட்டு அடுப்பேற்றுவது நல்லது. கொதிநீரிலிட்டால் நடு வேகுமுன் வெளிப்புறம் மிகையாக வெந்து உதிர்ந்துவிடும்.

குளிர்ச்சியால் வரும் இனிப்பு

வட இந்தியச் சமவெளிகளில் உருளைக்கிழங்கு ஐப்பசி, கார்த்திகையில் நடப்பட்டுத் தை முதல் பங்குனி வரை தோண்டப்படுகிறது. அடுத்த அறுவடை வரும்வரை நாட்டின் தேவையில் பெரும் பகுதியைக் குளிர்பதனக் கிடங்குகளே நிறைவேற்றுகின்றன. சாதாரணக் கிடங்குகளில் உஷ்ணநிலை 2 முதல் 4 பாகை வரை வைக்கப்படுவதால் கிழங்கு முளைவிடாமலும் அழுகாமலும் இருக்கிறது. ஆனால் அக்குளிரில் மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. வேகவைத்தால் சிறு தித்திப்பாகத் தெரிவதோடு நின்றுவிடும். எண்ணெயிலிட்டால் அச்சர்க்கரை, கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு கூடிக் கருநிறத்தையும் கசப்பையும் உண்டாக்கும். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையோடு இவ்விதம் கூடும்போது அக்ரிலமைடு என்னும் விரும்பத்தகாத பொருள் தோன்றுகிறது; வறுத்த உணவில் இப்பொருள் இருப்பதை 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். வறுவல் கருக வறுபடக் கூடாது என்பது இதனால் சுவையைக் கடந்து உடல் நலத்தைப் பற்றியதுமாகிறது.

கிடங்கிலிருந்து வந்த கிழங்கை உடனே வறுக்காமல், இருளும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சாதாரண உஷ்ணநிலையில் இரண்டு மூன்று வாரம் வைத்தால், சர்க்கரையிற் பெரும் பகுதி சுவாசத்திலும் மீண்டும் மாச்சத்தாவதிலும் தீர்ந்துவிடும். அத்தனை நாள் பொறுக்க இயலாதோர் ஒரு துண்டைச் சீவி எண்ணெயிலிட்டுப் பார்ப்பதே சிறந்த சோதனை. நீரிழிவு நோயாளர் சிறுநீர்ச் சர்க்கரையைக் காணப் பயன்படுத்தும் காகிதப் பட்டையை வெட்டிய கிழங்கின்மேல் ஒற்றினாலும் நிறமாற்றம் சர்க்கரையைக் காட்டிக் கொடுக்கும். சீவிய துண்டுகளை வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து வடித்தாலும் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை ஓரளவு நீங்கும்.

இக்காரணம் பற்றியே வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பச்சை உருளைக்கிழங்கை வைத்தல் தகாது. பணம் கொடுத்து வாங்கிய நல்ல வறுவற் கிழங்கைச் சில நாட்களில் தாமே கெடுத்துக் கொள்வதற்கு ஒப்பாகும் அது.

பச்சை நிறம்

கடையில் முதலில் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அது சுவையைப் பற்றியதன்று, நஞ்சைப் பற்றியது. வெளிச்சம் பட்ட கிழங்கின் தோல் பச்சையாகிறது. பச்சை நிறம் இலைகளில் உள்ள பச்சையமே, அதனால் தீங்கில்லை. ஆனால் அதே வெளிச்சம் சொலனின், சாக்கொனின் என்னும் நச்சுப் பொருள்களும் தோலடியில் பெருகக் காரணமாகிறது. நூறு கிராம் கிழங்கில் இவை 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. மிகுந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை நேரும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. 'கொதித்துவிட்டால் எல்லாம் சரி' என்னும் நம்பிக்கை இங்கே பயன்படாது.

பச்சை சிறிதளவே தெரிந்தால் அப்பகுதியைச் சதையோடு கனமாகச் சீவி எறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சை கிழங்கில் பரவியிருந்தாலும், வெந்த கிழங்கு கசந்து நாவில் எரிச்சல் உண்டாக்கினாலும் முழுவதையும் தள்ளிவிடுதலே முறை. முளைகளிலும் கண்களைச் சுற்றியும் இந்நஞ்சு மிகுதியாகச் சேரும். முளையைத் தோண்டி நீக்கிய பின், கிழங்கு விறைப்பாக இருந்தால் உண்ணலாம். சுருங்கித் தளர்ந்ததை உண்ணலாகாது. கண்ணாடிக் கதவுக்குள் பிரகாசமான விளக்கின் கீழ் அழகாக அடுக்கி வைக்கப்பட்ட கழுவிய கிழங்கைவிட, மூலையிற் சாக்குக்குள் மண்ணோடு கிடக்கும் கிழங்கு இவ்வகையில் மேலானது. ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையில் வீட்டு ஜன்னலோரம் தொங்கவிடப்படும் கிழங்கும் சில நாட்களிற் பச்சையாகும்.

புளியும் சுண்ணமும்

கிழங்கு கைக்கு வந்த பின்னரும் அதன் கட்டைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு. புளிப்பு, பெக்டினை எளிதில் இளகவிடாது. புளிக்கரைசலிலோ தக்காளிச் சாற்றிலோ இட்ட பச்சைக் கிழங்கு நெடுநேரம் கொதித்தும் விறைப்பாகவே நிற்பதை அனுபவமுள்ளோர் அறிவர். மாவுக்கிழங்கைத்தான் குழம்பிலிட வேண்டிய நிலை வந்தால் புளியை முன்னரே சேர்த்துவிட்டால் துண்டு கரையாது. கிழங்கு குழைய வேண்டுமாயின் வெந்த பின்னரே புளி சேர்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் இதே வேலையைச் செய்கிறது. கடின நீர் கிடைக்கும் ஊர்களில் கிழங்கு வேகத் தாமதமாவது இதனாலேயே.

வெந்து ஆறிய கிழங்கு சில சமயம் காம்புப் பக்கத்தில் சாம்பல் நிறமாகக் கறுக்கும். கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் காற்றுப்பட்டுச் சேர்வதால் வரும் நிறம் இது. உண்பதால் தீங்கில்லை, வேகும் நீரின் கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் தோன்றாது.

மசிப்பதில் மிகையான உழைப்பும் கெடுதலே. மின் அரைவையில் இட்டுச் சுழற்றினால் பிரிந்து நிற்கும் அணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் களி வெளிப்பட்டு, எத்தகைய மாவுக்கிழங்கும் பசையாகிவிடும். சூடாக இருக்கும்போதே கரண்டியால் அழுத்தியோ, துளைத்தட்டில் தேய்த்தோ மசிப்பது போதுமானது. மாறாக, வெந்த கிழங்கை முதல் நாளே ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் இரவு முழுதும் வைத்தால் மாச்சத்து இறுகி, மறுநாள் உதிராத துண்டுகளாக வெட்ட வரும். கட்டுக்கிழங்கு கிடைக்காத நாளில், மூழ்கிய கிழங்கைக் கொண்டே வறுவலும் பொரியலும் செய்வதற்கு இம்முறை கைகொடுக்கும்.